தலையாரியை விற்ற மாப்பிள்ளை

எங்கள் குடும்பத்தில் ஒருவனைப் பற்றி விசாரித்து வரவேண்டும் என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். உரைநடையில் கவிதை எழுதுகிறவனுக்கு வேறு என்ன வேலை கொடுப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. பகலில் ஒரு அலுவலகத்தில் நாற்காலி. மீதி நேரத்தில் மேகம், காற்று, வயல், வயலுக்கு மேல் கொக்கு. இந்தக் கொக்கைப் பார்க்கிற கண்ணால் மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டு வரட்டுமே என்பது அக்காவின் கணக்கு.

விசாரிப்பு லேசான வேலை அல்ல. கல்யாணத்தைக் கலைத்தவன் என்ற பெயர் எங்கள் பக்கத்தில் யாருக்கும் வேண்டாம். சாயாக்கடையில் கேட்டாலும் முடிவெட்டும் கடையில் கேட்டாலும் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு பழுது வெளியே வராது. "தகப்பன் தங்கமான மனுஷனாக்கும்" என்பார்கள். மகன் எந்த உலோகம் என்று நாம்தான் யோசித்துக்கொள்ள வேண்டும். "வீடு நல்ல வீடு" என்றால் உள்ளே இருப்பவர்களைக் கேட்காதே. "நமக்கு அங்கன அவ்வளவு போக்குவரத்து இல்ல" என்றால் எழுந்து பஸ்ஸைப் பிடி. இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று உண்டு: "ஆளு கொள்ளாம், ஆனா..." கொள்ளாம் என்றால் நல்ல ஆள்தான். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஒன்றும் வராது. சாயாவை ஒரு மிடறு குடிப்பார்கள். ஜோசியன் பார்க்காத ஜாதகம் முழுவதும் அந்த மிடறில் இருக்கும். சொல்லாததைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புவதில் நான் பெயர் வாங்கியிருந்தேன். என் கவிதைகளுக்குக் கிடைக்காத பெயர்.

இரண்டாயிரத்துப் பத்தைத் தாண்டிய வருடங்கள். கரண்டு என்பது எப்போதாவது வந்து தலைகாட்டிவிட்டுப் போகும் தூரத்துச் சொந்தக்காரரைப் போல இருந்த காலம். வந்த நேரத்தில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இணையத்தில் ஒரு தமிழ் மன்றம் இருந்தது. அதில் கவிதைக்கு ஒரு பகுதி, சமையலுக்கு ஒரு பகுதி, சண்டைக்கு ஒரு பகுதி. என் கவிதைக்கு வந்தவர்கள் "அருமை" என்று எழுதிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் விளையாட்டுப் பகுதிக்கு ஓடினார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று நானும் ஓடினேன். அங்கே கள்ளன் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

ஆட்டம் எளிது. ஆட்டத்தை நடத்துகிறவர் எல்லோருக்கும் தனித்தனியே செய்தி அனுப்புவார்: நீ ஊர்க்காரன், நீ கள்ளன். கள்ளன் இரண்டு பேர். அவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு அறை. அதில் என்ன எழுதினாலும் மற்றவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் கள்ளன்கள் ஒரு ஊர்க்காரனை ஆட்டத்தை விட்டுத் தூக்குவார்கள். மறுநாள் ஊர் கூடி, பேசி, ஏசி, ஓட்டுப் போட்டு ஒருவனை விலக்கி வைக்கும். விலக்கிய பிறகுதான் அவன் யாரென்று தெரியும். பெரும்பாலும் ஒரு பாவப்பட்ட ஊர்க்காரனாக இருப்பான். நம் ஊர்களில் வேறெப்படி நடக்கும்? ஆட்டம் முடிந்ததும் அந்த அறையைத் திறந்து விடுவார்கள். கள்ளன்கள் நம்மை எப்படியெல்லாம் கேலி செய்தார்கள் என்று எல்லோரும் வாசித்து அகம் குளிரலாம்.

இதில் நான் சீக்கிரமே பெரிய ஆளாகிவிட்டேன். காரணம் அந்த 'ஆனா'. கள்ளன் ஒருபோதும் நேராகக் குற்றம் சொல்வதில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க, அவரு நல்ல விளையாட்டுக்காரர், ஆனா" என்று தொடங்குவான். நாகர்கோவில் சாயாக்கடைகளில் நான் வருடக்கணக்காக மிடறு மிடறாகக் கற்ற பாடம், கோயம்புத்தூர்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் உள்ள மன்றத்தில் தெய்வ வாக்காகிவிட்டது. "அண்ணன் யாரைச் சந்தேகப்படுகிறார்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓட்டுப் போட்டார்கள். கொக்கைப் பற்றி நான் எழுதியபோது எவனும் இப்படிக் காத்திருக்கவில்லை.

அந்த மன்றத்தில் எல்லோரும் முகமூடிப் பெயரில்தான் இருந்தோம். ஒருவர் 'ஓய்வுபெற்ற தலையாரி'. முட்டுவலி, பழங்கஞ்சி, இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பவிசு என்று எப்போதும் முனகுகிறவர். எங்கள் வீட்டில் கரண்டு இல்லாத நேரங்களைப் பிறகு புரட்டிப் பார்த்தால், அப்போதெல்லாம் தலையாரியும் காணாமல் போயிருந்தார். வந்ததும் வந்தார். இதைக் கண்டுபிடிக்க ஒரு துப்பறியும் மூளை வேண்டும். அது என்னிடம் இருந்தது. ஆள் எங்கள் ஊரான கொட்டாரத்துக் கரண்டு லைனிலேயே இருக்கிறார். சாயாக்கடையில் தினமும் பேப்பரை முகத்துக்கு நேராக விரித்து உட்காரும் ஒரு பெரியவர் உண்டு. முட்டுவலிக்காரர். அவர்தான் என்று முடிவுகட்டி, ஒருநாள் அவரைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் பேப்பரை உயர்த்திக்கொண்டார். மறுநாளும் கண்ணடித்தேன். அதற்கு அடுத்த நாளிலிருந்து அவர் வேறு கடையில் சாயா குடிக்கத் தொடங்கினார். கள்ளன் பம்முகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொருவன் 'துடுப்பு'. வெள்ளிக்கிழமை முழுவதும் மன்றத்திலேயே கிடப்பான், ஆகவே கல்ஃப். காலைக் கழுவினாலும் போகாத கறுப்பு மணல் பற்றி ஒருமுறை எழுதினான். ஆகவே அந்த மணல் உள்ள மணவாளக்குறிச்சிப் பக்கம். பேச்சு குறைவு. என் கவிதைகளுக்கு 'அருமை' எழுதாத ஒரே ஆள் என்பதால் அவனை நன்றாகவே கவனித்து வந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அக்கா வந்தாள்.

"ஏலே, பிள்ளைக்கு ஒரு இடம் வந்திருக்கு. மணவாளக்குறிச்சிப் பக்கம். பையன் தோஹாவுல. ஜாதகம் பொருந்தியாச்சு. இனி நீ பாத்துச் சொல்லு."

ஜாதகம் பொருந்தினால் போதாது. மனுஷன் பொருந்த வேண்டும். அது தாய்மாமன் வேலை. நான் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அக்கா மகள் அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்திச்சி. பக்கத்துத் தெருதான் வீடு. படிக்கிற காலத்தில் ப்ராஜெக்ட் செய்வதற்கென்று என் கம்ப்யூட்டரில்தான் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் கேட்டேன். "ஏட்டி, உனக்கு என்ன தோணுகு?"

"பாக்காத ஆளப் பத்தி என்ன தோண மாமா? நீங்க பெரிய துப்பறியும் ஆளு. பாத்துச் சொல்லுங்க," என்றாள். அந்தக் குரலில் இருந்த மரியாதையை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே துடுப்பு அரட்டைப் பகுதியில் எழுதினான்: "அடுத்த மாசம் லீவுக்கு வாறேன். வீட்டுல கொட்டாரம் பக்கம் பொண்ணு பாத்து வச்சிருக்கினும்." நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். மணவாளக்குறிச்சிக்கு பஸ் ஏறவேண்டாம், சாயாக்கடைக்காரனின் மிடறுகளை எண்ணவேண்டாம். மாப்பிள்ளையை வீட்டில் இருந்தபடியே விசாரிக்கலாம். ஒருவன் எப்படிப் பொய் சொல்கிறான் என்று பார்த்துவிட்டால் பிறகு அவனைப் பற்றி வேறு என்ன தெரியவேண்டும்?

அடுத்த ஆட்டம் தொடங்கியது. எனக்கு ஊர்க்காரன் வேடம். சில சுற்றுகள் போயின. வழக்கம்போல ஊர் தன் நல்லவர்களை வரிசையாக விலக்கி வைத்தது. பிறகு தலையாரி மேல் சந்தேகம் விழுந்தது. ஓட்டு சரிபாதியாக நின்றது. கடைசி ஓட்டு துடுப்புடையது. முழுநாள் அவன் வாய் திறக்கவில்லை. அப்புறம் எழுதினான்:

"தலையாரி அண்ணாச்சி மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா என் ஓட்டு அவருக்கு எதிரா."

தலையாரி விலக்கப்பட்டார். பார்த்தால், கள்ளன். மன்றமே துடுப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. கள்ளனைப் பிடித்த வீரன். நான் மட்டும் ஆடவில்லை. 'ஆனா' என்று எழுதியிருக்கிறான். மரியாதை என்று எழுதியிருக்கிறான். முழுநாள் யோசித்திருக்கிறான். ஊர்க்காரனுக்கு என்ன யோசனை? இவன்தான் இரண்டாவது கள்ளன். தான் தப்பிக்க, கூட நின்றவனை ஊர் முன்னால் விற்றிருக்கிறான். நினைக்க நினைக்க எனக்கு என் மேல் ஒரு பிரியம் பெருகியது. அடுத்த ஊர்க்கூட்டத்தில் இவன் முகமூடியைக் கிழித்தெறிவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வேண்டாம்க்கா."

அக்கா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். "குடிப்பானா?"

"இல்ல."

"வேற ஏதாவது பிள்ளகூட பழக்கமா?"

"அப்படி ஒண்ணும் இல்ல."

"பின்ன என்னலே?"

"கூட நிக்கவன விக்கிற ஆளு. நான் கண்ணால பாத்தேன்."

"எங்க வச்சு?"

"கம்ப்யூட்டர்ல வச்சு."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஒரு கவிதையில் போட முயன்று இன்றுவரை முடியவில்லை. ஆனாலும் தாய்மாமன் சொல் தாய்மாமன் சொல்தான். "சரி. தரகர் இப்ப வருவாரு. வேண்டாம்னு சொல்லிருகேன்," என்று கீரையைக் குனிந்து உருவினாள். உள்ளே ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. அக்கா மகளின் கையிலிருந்து பாத்திரம் விழுந்து நான் அதுவரை கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றவில்லை. பின்னாலேயே அக்கா மகள் வந்து நின்றாள்.

"மாமா, அந்தத் தலையாரி நாந்தான்."

"எந்தத் தலையாரி?"

"முட்டுவலிக்காரரு."

நான் சிரித்தேன். "ஏட்டி, தலையாரி யாருன்னு எனக்குத் தெரியும். சாயாக்கடையில..."

"அந்தப் பாவப்பட்ட மனுஷனப் பாத்துக் கண்ணடிச்சியளே, அவரா? அவரு அவிய வீட்டுல போய்ச் சொல்லி, அவிய மருமவ எங்க அம்மைகிட்ட வந்து, உங்க தம்பிக்கு கண்ணுல ஏதாவது கேடான்னு கேட்டா. ஏன் கண்ணடிச்சியள்னு எனக்கு மட்டும்தான் தெரியும். தலையாரிக்கு நீங்க மன்றத்துல ரகசியமாக் கடுதாசி போட்டிருந்தியளே, 'உங்களைக் கண்டுகொண்டேன், இன்று உங்கள் சட்டை நீல நிறம்'ன்னு."

ஊரில் கரண்டு போனால் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போகும் என்பது அந்தத் துப்பறியும் மூளைக்கு எட்டவில்லை. தோஹாவில் இருப்பவனை வெள்ளிக்கிழமையை வைத்துப் பிடித்தேன். பக்கத்துத் தெருவில் இருப்பவளை விட்டுவிட்டேன். பழங்கஞ்சியைப் பற்றி அவள் எழுதியதை வாசித்து, முதுமையின் தனிமை என்று ஒரு கவிதைகூட எழுதியிருந்தேன்.

"சரி, இருக்கட்டும். அவன் உன்ன வித்தது உண்மதான?"

"விக்கச் சொன்னது நானு." கம்ப்யூட்டரை நோக்கி நடந்தாள். "ரெண்டு பேர்ல ஒராளு போனாத்தான் இன்னொராளு பிழைக்கும். என்னைத் தள்ளிட்டு நீ ஜெயின்னு உள்ள அறையில வச்சு சொன்னேன். மாட்டேன்னுட்டாரு. அந்த முழுநாளும் மாட்டேன், மாட்டேன்னு நின்னாரு. அண்ணாச்சிய வித்து ஜெயிக்க வேண்டாம், சேந்து தோப்போம்னு. நான் ஏசிப் போட்டுத்தான் அந்த ஓட்டே. அவருக்கு நான் ஆருன்னு தெரியாது மாமா. ஒரு கிழவன்னுதான் தெரியும். பாருங்க, காட்டுகேன்."

கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை நீலமாக ஒரு மூச்சு விட்டது. கரண்டு போனது.

மின்வாரியத்தை அன்றைக்குப் போல நான் என்றும் ரசித்ததில்லை. வெளியே தரகரின் பைக் எங்கள் முடுக்குச் சந்தைத் தாண்டி அக்கா வீட்டுப் பக்கம் போகிற சத்தம். கரண்டு இனி எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது.

"மாமா, தரகர் வந்தாச்சு."

ஜன்னல் வழியே மேற்குக் காற்று. சாய்ந்த வெயில் அவள் முகத்தில் பாதியில் இருந்தது. பிறந்த அன்றைக்குத் துணியில் சுற்றி என் கையில் தந்த முகம். யாரென்றே தெரியாதவர்களின் முகத்தைப் பாராமல், எழுத்தை வைத்து நான் பொய்யைப் பிடித்தவன். இங்கே முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, உதட்டோரத்தில் ஒரு சின்னத் துடிப்பு இருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாதக்கணக்காக முட்டுவலியோடு என்னை ஏமாற்றியவள் இவள். இதே சமாதானக் குரலில்தான் தலையாரியும், "தம்பி, நான் கள்ளன் இல்ல" என்று எழுதினார். நம்பினேன். அவர் கள்ளன்.

"நீ பொய் சொல்லலியே?"

"சொன்னா உங்களுக்குத் தெரியாதா மாமா?"

இதை அவள் கிண்டலாகச் சொன்னாளா என்பதும் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. அவளுக்கு அவன் வேண்டும். அதை மறைக்க அவள் எந்த வேடமும் போடவில்லை. துப்பறிய அதில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் நான் முதலில் அதைக் கவனிக்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். தரகர் நாற்காலியில், கையில் சாயாவோடு. அக்கா வாயைத் திறக்கப் போகிற நேரம்.

"ஆளு கொள்ளாம்," என்றேன்.

தரகர் சாயாவைக் கீழே இறக்கினார். இந்தத் தொழிலில் தலை நரைத்தவர். மீதியைக் கேட்கக் காத்திருந்தார். அக்காவும் காத்திருந்தாள்.

"ஆனா?" என்றாள் அக்கா.

"ஆனா ஒண்ணும் இல்ல. ஆளு கொள்ளாம்."

"இப்பத்தான ஆள விக்கவன்னு சொன்ன?"

"அது வேற ஆளு."

அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். தரகர், என் பேச்சில் 'ஆனா' வராததே ஒரு கெட்ட சகுனம் என்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மணவாளக்குறிச்சிக்குப் போன் போட்டார்.

ஆட்டம் இன்னும் முடிந்திருக்கவில்லை. கடைசிக் கூட்டத்தில் மிஞ்சியது மூன்று பேர்: நான், துடுப்பு, மதுரையிலிருந்து ஒரு அப்பாவி ஊர்க்காரன். மதுரைக்காரன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணன் சொல்லுங்கண்ணே, யாரு?" கள்ளனை எனக்குத் தெரியும். பெயர், ஊர், நட்சத்திரம், பொருத்தம் முதற்கொண்டு தெரியும். மதுரைக்காரனுக்கு எதிராக ஓட்டுப் போட்டேன். கள்ளன் ஜெயித்தான். மன்றம் கொதித்தது. அண்ணனுக்கு மூளை மழுங்கிவிட்டது என்று கோயம்புத்தூர் எழுதியது. கவிதை எழுதுகிறவனை நம்பினால் இப்படித்தான் என்று சிங்கப்பூர் எழுதியது. மதுரைக்காரன் எழுதியதை இங்கே எழுத முடியாது. தாய்மாமன் சீர் செய்தால் நாலு பேர் வியந்து பேசுவார்கள். என் சீருக்கு மன்றமே வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டது.

பிறகு வழக்கப்படி கள்ளன்களின் அறையைத் திறந்து விட்டார்கள். நான் போய் வாசித்தேன். முழுநாளும் மாட்டேன் என்று நின்றானாம். நான் கண்டது ஒரே ஒரு வரி: "அண்ணாச்சி, உங்கள வித்து ஜெயிக்க மனசு வரல்ல." அதற்குத் தலையாரி, "போடே, சொன்னதச் செய்யி" என்கிறார். மாப்பிள்ளை, "சரி அண்ணாச்சி" என்கிறான். தீர்ந்தது.

அதற்கும் மேலே பழைய பேச்சு ஒன்று கிடந்தது.

"அண்ணாச்சிக்கு கொட்டாரமா? எனக்கு அங்கனதான் பொண்ணு பாத்திருக்கினும். பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். விசாரிச்சுச் சொல்லுவியளா?"

மறுநாள் தலையாரியின் அறிக்கை: "விசாரிச்சேன். பொண்ணு கொள்ளாம். ஆனா கொஞ்சம் வாய் நீளம்."

அதற்கு அவன்: "அது நல்லதாக்கும் அண்ணாச்சி. எனக்குப் பேச்சு வராது. வீட்டுல ஒராளாவது பேசண்டாமா."

எங்கள் வம்சத்தில் தன்னைப் பற்றித் தானே விசாரித்துச் சொன்ன முதல் பெண் அவள்தான். அதிலும் ஒரு 'ஆனா'வை மறக்காமல் வைத்திருக்கிறாள். தொழில் தெரிந்தவள். அவளைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, ஒரு தடவதான மாட்டேன்னு சொல்லியிருக்கான்?"

"ஆமா."

"நீ முழுநாளுன்னு சொன்ன."

"மாமா, ஆருன்னே தெரியாத ஒரு கிழவனுக்காக ஒரு தடவ மாட்டேன்னு சொல்லுகவன் போதும். ரெண்டாவதும் மூணாவதும் சொல்லியிருந்தா எனக்கே சந்தேகம் வந்திருக்கும்."

கள்ளன் ஆட்டத்தில் நான் அவ்வளவு நாள் கற்றதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் இந்த வரிக்குப் பக்கத்தில் வராது. எனக்குத்தான் ஊரில் துப்பறிகிற ஆள் என்று பெயர்.

கல்யாணத்தன்று பந்தியில் புதுப்பொண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நான் தாய்மாமன் என்ற முறையில் அடைப்பிரதமன் பாயச வாளியோடு நின்றேன். போளி மேல் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு இரண்டாவது கரண்டியை எடுத்தபோது மாப்பிள்ளை இலை மேல் கையைக் குறுக்கே வைத்தான். "போதும் மாமா, மனசு வரல்ல" என்றான். ஒரு தடவை. பிறகு கையை எடுத்துவிட்டான். ஊற்றினேன்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா?" என்றான் மெதுவாக. "கொட்டாரத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணாச்சி உண்டு. ஓய்வுபெற்ற தலையாரி. முட்டுவலிக்காரரு. கண்டிப்பா வரணும்னு கடுதாசி போட்டிருந்தேன். வந்திருக்காரா?"

அவள் நிமிரவில்லை. போளியைப் பிரதமனில் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வந்திருக்காரு," என்றேன். "இந்தப் பந்தியிலதான் இருக்காரு."

மாப்பிள்ளை கழுத்தை நீட்டி, வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, நரைத்த தலை ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினான்.